பத்துக் கட்டில், ஆறு கிழமை

"ஆறு கிழமை" என்றார் டொக்டர்,
மாவுக்கட்டின் ஈரம் காயுமுன்.
கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தில்
நாய்க்கு வழிவிட்டு விழுந்த கால்.
மீற்றர் வாசிக்கிறவன் நான்,
கேட்டதை இலக்கமாக்காமல் விட வராது.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி, நாலாம் கட்டில்.
பேனையால் முழங்காலுக்கு மேலே எழுதினேன்:
அறுபது, அறுபது, இருபத்துநாலு, ஏழு, ஆறு.
பெருக்கினால்
முப்பத்தாறு இலட்சத்து
இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு
செக்கன்.

வாட்டில் பத்துக் கட்டில்.
ஃபேன் மூன்றாம் கட்டிலுக்கு மட்டும்தான் சுற்றும்.
பத்தாவது, கக்கூசு வாசலில்.
ஆதம்லெவ்வைக்கு ஃபேனில் கண்,
பூபாலபிள்ளைக்கு யன்னலில்.
மகாஓயா சுமனபாலவுக்குச்
சிங்களம் பேசும் ஒருவர் பக்கத்தில் என்றால் போதும்.
எத்தனை மாதிரி மாறிப் படுக்கலாம்
என்று ஆதம்லெவ்வைதான் கேட்டார், சும்மா.

முதல் கட்டிலுக்குப் பத்துப்பேர் போட்டி,
மற்றதுக்கு ஒன்பது,
மறுகா எட்டு, ஏழு,
கக்கூசு வாசலுக்கு மிஞ்சினவர்.
பெருக்கிக்கொண்டே கணுக்கால்வரை இறங்கினேன்.
அதே முப்பத்தாறு இலட்சம்.
அதே இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு.

மூன்றுதரம் பார்த்தேன்.
மீற்றர் பொய் சொல்லும், பெருக்கல் சொல்லாது.
செக்கனுக்கு ஒருதரம் நாங்கள் இடம்மாறினால்,
வந்த ஒழுங்கு திரும்ப வராமல்,
என் கட்டு வெட்டும் செக்கனில்
எல்லாம் தீரும்.
ஒன்பது கட்டிலென்றால் நாலு நாளும் சொச்சமும்.
எட்டென்றால் அரைநாள்கூட இல்லை.

நித்திரை வராத இரவுகளில் அதைப் பங்குபோட்டேன்.
இரண்டுபேருக்குச் சரி. மூன்றுபேருக்கும் சரி.
ஏழுக்குக்கூட, அந்த அடங்காத ஏழுக்குக்கூட,
மீதியில்லை.
ஆறுபேரின் ஒழுங்குகளை
ஏழுபேரின் ஒழுங்குகளால் பெருக்கினாலும்
வருவது இதேதான்.
ஆறும் ஏழும் பதின்மூன்று என்பார்கள்,
இந்தக் கணக்கில் பத்து.

மூன்றாம் கிழமை
வெல்லாவெளிப் பக்கம் யானை தூக்கிப்போட்ட
நல்லரெத்தினம் வந்தார்.
கட்டில் இல்லை. எனக்கும் ஐந்துக்கும் நடுவில்
நிலத்தில் மெத்தை.
அவரையும் வரிசையில் சேர்த்தால்
அறுபத்தாறு கிழமை,
வருசம் ஒன்று போய் மூன்று மாதமும் போகும்.
"என்ர பங்கு எவ்வளவு தம்பி?" என்றார்,
விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு.

பதினொன்றால் பிரித்தேன்.
பத்துப்பேர்வரைக்கும் பிசகாமல் பிரிந்த இலக்கம்
பதினோராம் ஆளிடம் இடறியது.
ஒன்று குறைந்தது.
ஒரேயொரு செக்கன் கூட இருந்திருந்தால்
ஆளுக்கு மூன்று இலட்சத்து இருபத்தொன்பதாயிரத்து
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று.
அது முதன்மை எண்,
அதற்குமேல் எவரோடும் பங்குக்கு வராது.
அவருக்கு இதைச் சொல்லவில்லை.
"கொஞ்சம் இடிக்குது" என்றேன்.
"இடிக்கும்தான்" என்றார்.

உள்ளபடி சொன்னால்
ஆறு கிழமையில் நாங்கள் கண்டது
பதினான்கு ஒழுங்கு.
ஆதம்லெவ்வை ஃபேனுக்குக் கீழே போய்ச் சேர்ந்த அன்று
கரண்ட் இல்லை.
சுமனபால துண்டு வெட்டிப் போகும்போது
எல்லாரிடமும் தமிழில் விடைகேட்டார், என்னிடம் இரண்டுதரம்.

நாற்பத்திரண்டாம் நாள்.
வாள் என் பூச்சியங்களுக்குள்ளால் இறங்கியது,
எட்டு இரண்டாய்ப் பிளந்தது.
மெலிந்துபோன காலை நிலத்தில் வைக்கப்போனேன்.
"ஒரு செக்கன் பொறுங்க" என்றா மிஸ்ஸி,
நல்லரெத்தினத்தின் மெத்தையைக்
காலால் ஒதுக்கிக்கொண்டு.

பொறுத்தேன்.