ஷுவைக்கில் அறுபத்திரண்டு டிகிரி

உருளைகள்மேல் பட்டை போட்டு இறுக்கிய கார்
ஓர் அங்குலம் நகராமல்
மணிக்கு இருநூற்று நாற்பதில் போய்க்கொண்டிருக்கிறது.
எதிரே ஆளுயர ஃபேன்.
கணினி முன்னால் நான்.

போன மாதம் இதே கார் அறுநூற்றுப் பன்னிரண்டு.
இப்போது சூப்பர்சார்ஜருக்குச் சின்னப் புல்லி,
புது பெல்ட், பெரிய இன்ஜெக்டர்கள்.
புல்லி சிறுத்தால் சுழல் கூடும்,
காற்றை இன்னும் திணிக்கும்.
எஞ்சினிடமே எண்பது குதிரை கடன் வாங்கி
இருநூறாய்த் திருப்பித் தரும் சாமான்.
என் விசா ஏஜென்ட்டைவிட நாணயஸ்தன்.

நாயிஃப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
எழுநூறு தாண்டாவிட்டால்
சித்தப்பா மகன் தலாலுக்குத்
தன் பைக்கைத் தருவதாகப் பந்தயம்.

கோடு ஏறியது, ஏறியது,
ஆறாயிரத்து நானூறு சுற்றில் வளைந்தது.
703.
அவன் குதித்த குதிப்பில் ஒரு செருப்பு
வீல் ஜாக்கிக்கு அடியில் போய்விட்டது.
வீடியோவும் போய்விட்டது, தலாலுக்கு.

தாளின் மூலையில் அப்புறம்தான் பார்த்தேன்:
காற்றின் வெப்பம் 62.
ஆகஸ்ட்தான். தகரக் கூரைதான்.
அதற்காக கேரேஜுக்குள் அறுபத்திரண்டு என்றால்
நானும் ரோமெலும் இந்நேரம் வெந்திருப்போம்.

சுவருக்குப் பெயின்ட் அடித்த அன்று
சென்சார் பெட்டியைக் கழற்றி
புகைக்குழாய் ஓரத்து ஆணியில் மாட்டியிருக்கிறான் ரோமெல்.
வேறு ஆணி இல்லையாம்.
காற்று கொதிக்கிறதென்று பெட்டி சொல்ல,
இந்த வெயிலில் பாவம் எஞ்சின் என்று கணினி இரங்கி
கொசுறு போட்டிருக்கிறது
இருபது குதிரை.

பெட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனேன். 44.
சார்ஜர் மூடிமேல் ஐஸ் பைகள் அடுக்கி
நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.
நாயிஃப் ஒன்றும் கேட்கவில்லை.
ஐஸ் உருகித் தரையில் ஓடுவதையே பார்த்தான்.

683.

"முதல் தாள் இருக்கிறதா?" என்றான் மெதுவாக.
என் மேல்சட்டைப் பையில் நான்காய் மடிந்து இருந்தது.
"இருக்கிறது. அது ஆணியின் கணக்கு.
உன் காரின் கணக்கு இது."
அரபியில் அதை எப்படிச் சொன்னேனோ,
சிரித்துவிட்டான். அழுகிற மாதிரியும் இருந்தது.

வாசல் தாண்டி அவன் மிதித்தபோது
காதைத் தீட்டிக் கேட்டேன்,
பதினான்கு வருடம் எஞ்சின் கேட்ட காது.
எழுநூற்று மூன்றா, அறுநூற்று எண்பத்து மூன்றா,
சத்தம் சொல்லவில்லை.

பெயின்ட் அடித்தது பத்து நாளைக்கு முன்னால்.
நோட்டைப் புரட்டினேன்:
அதற்கப்புறம் பதினோரு கார்கள்.
இருபது குதிரைக்கு யார் அழப்போகிறார்கள் என்கிறான் ரோமெல்,
சுவரில் துளை போட்டபடி.

முதல் பெயர் சாலிமியாக்காரர், வெள்ளைக் கார்,
தாளைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னவர்.
மணி அடிக்கிறது.
எடுக்கவில்லை இன்னும்.