பதினோரு ஙுயென்

ஹைஃபோங் கப்பல் நாலு நாள் வெளியிலேயே நின்றது.
ஐந்தாம் ராத்திரி பெர்த் கிடைத்தது.
ஜீரோ கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
வண்டியை நெளித்து நெளித்து ஓட்டிப்போய்
ஏணி ஏறினேன்,
ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா,
கையில் மாலுமிகள் பட்டியல்.

பத்தொன்பது பேர்.
மூன்று த்ரான், இரண்டு லே,
ஒரு ஃபாம், ஒரு வூ, ஒரு மாக்.
மிச்சம் பதினோரு பேரும் ஙுயென்.

வேன் டிரைவர் துலுக்காணத்துக்காகத்
தமிழில் எழுதிக்கொடுக்க வேண்டும்.
ஒன்றாம் வகுப்பில் கற்ற நாளிலிருந்து
ஒரு சொல்லுக்கும் முன்னால் நின்று பார்த்திராத ங
அன்றைக்குப் பதினோரு தடவை
வரிசையில் முதல் ஆளாக நின்றது.

"எல்லாரும் ஒரே வயிறா?" என்றேன்,
என் உடைசல் இங்கிலீஷில்.
சமையற்காரன் க்வி
கரண்டியைக் கீழே வைத்தான்.
"ஒரே பயம்" என்றான்.

சோறு வேகிற நேரத்துக்குள் சொன்னான்:

எருமை மேய்த்த பையன் ஒருவன்
நாணல் பூவைக் கொடியாகப் பிடித்துச்
சண்டை விளையாடினான்.
வளர்ந்தபிறகு விளையாடாமலே ராஜா ஆனான்.
அப்புறம் கோயிலில் வளர்ந்த ஒருவன்,
அப்பன் யாரென்று இன்றைக்கும் தகராறு.
அவன் குலம் லீ.
இருநூறு வருஷம் லீ.
கடைசியில் மிஞ்சியது ஏழு வயசு ராணி.
முகம் கழுவுகிற தண்ணீரை
எட்டு வயசுப் பையன்மேல் தெளித்து விளையாடினாள்.
பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கட்டிவைத்தார்கள்.
அவன் சட்டை காய்வதற்குள்
நாடு கைமாறிவிட்டது.

பையன் குலம் த்ரான். மீன்பிடிக் குடும்பம்.

"இரு, இரு" என்றேன். "மீன்பிடியா?"
"வலை, படகு, எல்லாம். தாத்தா பெயர் லீ."

ராஜாவின் தாத்தா பெயரை
யாரும் வாயால் சொல்லலாகாது.
ஆகவே லீ என்று இனி ஒரு குலமே கிடையாது.
உயிரோடு இருப்பவர்கள்
ஙுயென் என்று மாற்றி எழுதிக்கொள்ளவும்.

ஒரு வலைக்காரக் கிழவனின் பெயருக்காக
ராஜகுலம் பெயரைக் கழற்றிவைத்தது.
பின்னால் எந்த வம்சம் கவிழ்ந்தாலும்
ஓடி ஒளிய அதே பெயர்தான்.
ஒளிந்தவர்கள் பெருகிப் பெருகி,
கடைசியாய் முடி சூட்டிய குலமும் ஙுயென்.
அதன் கடைசி ராஜா
வாளையும் முத்திரையையும் ஒப்படைத்துவிட்டு
வெறும் ஆளாக இறங்கிப்போனான்.

நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.
அப்பா பெயர் நாகூரான்.
தர்காவில் நேர்ந்துகொண்டு பிறந்த பட்டினவர் பிள்ளை.
அம்மா கவுன்டரில் நின்று
"மினாரா இருக்குற ஊருக்கு ரெண்டு டிக்கெட்" என்பாள்.
ஒரு ராஜாங்கமும் உத்தரவு போடவில்லை,
அவள் வாயில் ஓர் ஊரே இல்லாமல் போயிற்று.
என் பாஸ்போர்ட்டில் குலப்பெயர்க் கட்டத்தில்
அதே பெயரை ஏற்றிவிட்டார்கள்.
தேசப்பன் என்று கப்பலில் யாருக்கும் தெரியாது.
கேப்டனுக்கு நான் மிஸ்டர் நாகூரான்.

விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில்
தேசம்மா அத்தையிடம் சொன்னேன்.
வஞ்சிரத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்:
"வலைக்காரன் ராஜா ஆனானா?
சரி, டீசல் கடனை யார் கட்டுனது?"

மறுநாள் கப்பல் கிளம்பும் நேரம்
க்வி தன் கத்திப் பெட்டியைத் திறந்து
மூடியின் உள்பக்கத்தைக் காட்டினான்.
"உன் எழுத்தில் என் பெயர்."
மார்க்கரை எடுத்து ங போடப் போனேன்.
கையைப் பிடித்தான்.
"அது இல்லை."

லீ என்று எழுதினேன்.
"அவ்வளவுதானா?"
"ஒரே எழுத்து."
சுழியின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான்.

கதவில் மூன்றாம் ஆபீசர் த்ரான்.
க்வி பெருவிரலால் மூடிக்கொண்டான்.
எண்ணூறு வருஷம்.

த்ரான் சட்டியை எட்டிப் பார்த்துக் கேட்டான்,
சோறு ஆயிற்றா என்று.