கதைக்கிற படம்

"கதையே இல்ல கா, சும்மா
கதைச்சிட்டே இரிக்காங்க" என்று
பென்டிரைவைத் திருப்பித் தந்தாள் சுகுணவதி டீச்சர்.
ஒரே மூச்சில் அந்தச் சொல் இரண்டு தரம் வந்ததை
அவள் கவனிக்கவில்லை.
கணிதம் படிப்பிக்கிறவள். பாவம்.

எனக்கு அந்த மாதிரிப் படம்தான் வேண்டும்.
இரண்டு பேர், ஒரு மேசை, ஆறிப்போகும் தேத்தண்ணி.
அவன் ஒன்றைக் கேட்க
அவள் வேறொன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.
கமரா அவசரப்படக் கூடாது.
மழை வேண்டாம்.
மழையில் நனைந்து காதல் வந்த ஒருவரையும்
மட்டக்களப்பில் நான் கண்டதில்லை.
தடிமன் வந்தவர்கள் உண்டு,
வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்தில் படுத்தவர்கள் உண்டு.
கண்டதும் விழுகிற கதாநாயகனை நம்பவே மாட்டேன்,
அவளுடைய குரல்கூட அவனுக்குத் தெரியாதே.
பின்னாலேயே அலைகிறவனைப் பார்த்தால்
பொலிசுக்குச் சொல்லத் தோன்றுகிறது.

என் படங்களிலும் பிழை இருக்கிறதுதான்.
ஏதோ ஒரு நகரத்தில் விடிய விடிய நடந்து கதைக்கிறார்கள்.
கால் நோகாதா? நாளைக்கு வேலை இல்லையா?
கல்லடிப் பாலத்தில் இருட்டின பிறகு
இரண்டு பேர் அப்படி நடந்தால்
பாலம் முடிய முன்னமே
ஒரு ஓட்டோக்காரர் மாமாவுக்குச் சொல்லிவிடுவார்.

எனக்கு வாய்த்தது குருமன்வெளிப் பாதை.
எங்கள் பக்கம் பாதை என்றால்
ஆள்களை ஏற்றிக்கொண்டு
ஆற்றைக் கடக்கிற மிதவை.
காலையில் மண்டூருக்கு ஒரு காட்சி,
பின்னேரம் திரும்ப ஒரு காட்சி.
மோட்டார் சைக்கிள்கள், மீன்பெட்டி, யாருடையதோ ஒரு ஆடு,
கம்பியைப் பிடித்தபடி நான்,
பக்கத்தில் கமநலக் கந்தோர் உதயரூபன்.

அவர் சண்டைப்பட ஆள்.
கதைக்கிற இடம் வந்தால் ஓட்டிவிடுவாராம்.
சண்டை வந்தால் நான் ஓட்டிவிடுவேன் என்றேன்.
"அப்ப ரெண்டு பேரும் சேந்து பாத்தா
அஞ்சு நிமிசத்தில படம் முடிஞ்சிரும்."
சிரிக்கத் தொடங்கக் கரை தட்டியது.
மிச்சத்தை அடுத்த நாள் சிரித்தோம்.

இப்படி ஒரு வருசமும் நாலு மாசமும்.
பூ ஒன்றும் இல்லை,
ஒரு நாள் மட்டும் ஒரு சுருள் கச்சான்.
யூரியா விலையைக் கதைத்தார்.
கட்டாரில் இருந்துகொண்டு
மூன்று மாதமாய்க் கோல் எடுக்காத அண்ணனைக் கதைத்தார்,
பாதியில் நிறுத்தித் தண்ணியைப் பார்த்தார்.
நான் கேட்டதெல்லாம் ஒரு சொல்:
"மறுகா?"
எந்த வசனகர்த்தாவும்
இதைவிட நல்லதை எழுதி நான் கேட்டதில்லை.

கலியாணம் முடித்து ஒன்பது வருசம்.
என் படம் போட்டால் இருபதாம் நிமிசத்தில்
அவர் குறட்டை.
நேற்றும் அப்படித்தான்.
படத்தில் அந்தப் பெண் ரயில்வே ஸ்டேசனில் நின்று
சொல்லவா விடவா என்று வாயைத் திறக்கக்
கறண்ட் போனது.

இருட்டு. நுளம்பு.
அவர் புரண்டு படுத்தார்,
கண் திறக்காமல் கேட்டார்:
"மறுகா?"

எனக்கும் தெரியாது.
அவள் ரயிலை விட்டிட்டாள் என்றேன்.
"மறுகா?"
ரெண்டு பேரும் வாங்கில இருந்து கச்சான் தின்றாங்க.
"மறுகா?"
பக்கத்தில ஒரு ஆடு.
ஸ்டேசனுக்குள் ஆடு எப்படி வந்தது என்று
அவர் கேட்கவில்லை.

எந்த இடத்தில் தூங்கினாரோ,
நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.
கறண்ட் வந்து டீவி சிவப்புப் பொட்டாய் எரிந்தது.
அதற்குள் எங்கோ அவள்
வாயைத் திறந்தபடி.
இருக்கட்டும்.