அரைச் சுற்று

பகலில் எனக்கு முள்ளைப் பார்க்கும் வேலை.
லாபிஸ் செம்பனை ஆலை, இரண்டாம் நம்பர் பாய்லர்.
இருபதில் சிவப்புக் கோடு.
தாண்டினால் வால்வு தானாகத் திறந்து
ஆவியைக் கத்தக் கத்த வெளியே விடும்.
அதன் திருகில் இலாகா அதிகாரி
ஈயத்தால் முத்திரை குத்திப் போயிருக்கிறார்.
தொட்டால் என் சர்ட்டிபிகேட் போகும்.
தொட்டதில்லை, பதினோரு வருஷமாக.

இரவில் எனக்கு ஒரு வீரா.
தொண்ணூற்றாறில் பதிந்தது, நான் மூன்றாம் கை.
கூரையில் சாயம் தோலுரிந்து கிடக்கிறது.
உள்ளே, ஜப்பானில் பாதியாய் அறுத்துக்
கப்பலேற்றிய வேறொரு வண்டியின் நெஞ்சு,
டர்போவோடு.
கம்பெனி வைத்தது முக்கால் பாருக்கும் கொஞ்சம் கம்மி.
எனக்குப் போதவில்லை.

பூன் கெங் திருகைக் காட்டினான்.
கால் சுற்று போதும், காசு வேண்டாம் என்றான்.
பிறகு மலாயில் கேட்டான்:
எது முதலில் உடையணும் உனக்கு?
நான் சிரித்தேன்.
அவன் துணியெடுத்துக் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

சா ஆ சாலையில் அன்றிரவு
இரு பக்கத்துச் செம்பனையும் ஒரே மரமாகி ஓடிற்று.
இருக்கை என் முதுகை வாங்கிக்கொண்டது.
முப்பத்தெட்டு வயதில்
யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி.

ஏற்றிவிட்ட காற்று வட்டிக்காரன்.
வீடு வீடாகத் தட்டும்,
இல்லாதவன் வாசலில்தான் நிற்கும்.
முதலில் ஒரு ரப்பர் ஹோஸ்.
இந்த ஊர்ப் பாலாகக்கூட இருந்திருக்கலாம்,
கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து
என் பானட்டுக்குள் கிழிந்தது.
நாலு வெள்ளி கிளிப்போடு தீர்ந்தது என்றிருந்தேன்.
அடுத்த மாதம் கிளட்ச். தவணையில் மாற்றினேன்.
பெட்ரோல் பம்ப் யாரிடமும் சொல்லாமல்
மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

பிரேக் மட்டும் பழைய பிரேக்.
முச்சந்தியில் ஒரு பழ லோரியின் பின்விளக்கு
திடீரென்று அத்தனை பெரிதாக.
நின்றேன். நின்றுவிட்டேன்.
பின்சீட்டிலிருந்த மகளின் பள்ளிப் பை
கியர் மேல் வந்து விழுந்து கிடந்தது.
நல்லவேளை, பை மட்டும்.
அதை வீட்டில் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாய் மாற்ற மாற்ற இன்னொரு கால் சுற்று.
ஒன்று புள்ளி இரண்டு.
யோகேஸ்வரிதான் கேட்டாள், அது என்ன சத்தம்,
மைலோ டின்னில் கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி?
இரும்புச் சுவருக்கு அப்பால்
குழாயில் விழும் கீறலைக் காதால் பிடிக்கிறவன் நான்.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

ஒரு புதன்கிழமை. பந்தயம் இல்லை,
பக்கத்தில் எவனும் இல்லை,
ஷிப்டுக்குப் போகும் வழி, மூன்றாம் கியர்.
டொக்.
கண்ணாடி முழுக்க நீலப் புகை.
ஓரங்கட்டும்போது உதிரிப் பழங்கள்
டயருக்கடியில் நசுங்கும் சத்தம் கேட்டது.
வேறு சத்தமே இல்லை என்பதால் கேட்டது.

மூன்றாவது பிஸ்டனில் பத்துக் காசு அளவு ஓட்டை,
விளிம்பெல்லாம் மெழுகாய் இளகி.
வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
நிவாஷினி அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.
அப்பா, உங்க மூக்கு மட்டும்தான் தெரியுது.

நேற்று இரண்டாவது எஞ்சின் வந்தது.
நகைக்கடைச் சீட்டு யோகேஸ்வரியின் பர்சில் இருக்கிறது.
எவ்வளவு வைக்க என்றான் பூன் கெங்.
கம்பெனி வைத்தது என்றேன், அவன் கேட்டு முடிக்கும் முன்பே.
அவன் குனிந்து திருகைப் பார்த்தான்.
முன்னால் வைத்திருந்தவன் யாரோ
ஒசாகாவிலோ எங்கோ
அரைச் சுற்று ஏற்றி வைத்திருக்கிறான்,
இறக்கவா?

துணியை எடுத்துக் கை துடைத்தேன்.
கையில் அழுக்கு எதுவும் இல்லை.