மூன்று மடிப்பு

பாசலில் கோடை என்றால்
வேலை முடிந்த சனம் உடுப்பை ஒரு மீனுக்குள் திணித்து
ஆற்றோடு வீட்டுக்குப் போகும்.
மீன் என்பது ஒரு பை.
வாயை ஏழு முறை மடித்துக் கொளுவினால்
முழு ரைன் ஆறும் தட்டினாலும் உள்ளே ஒரு சொட்டுப் போகாது.
ஆறு மடித்தால் கடவுளைத்தான் நம்பவேண்டும் என்பாள் நோயெமி.
நான் சொல்லிக்கொடுத்த தமிழில்தான் எண்ணுவாள்:
ஒண்டு, ரெண்டு, மூண்டு...
கடைசியில் 'ஏலு' என்பாள்.
எனக்கும் அந்த எழுத்துச் சரியாக வராது.

அவளின் செம்மஞ்சள் மீன்
த்ரைரோசன் பாலத்தடியில் ஒதுங்கியது.
அவள் இன்னும் கீழே, எல்லை தாண்டி,
பிரெஞ்சுக்காரரின் மின்நிலையத் தடுப்பில்.
நீர் கூடிய கிழமை, விபத்து என்றது பத்திரிகை.
பாடசாலை மெழுகுதிரி கொளுத்தியது.

பைக்குள் எல்லாம் நனைந்திருந்தது என்றார் அவளின் தகப்பன்.
கைபேசி, வரலாற்றுப் புத்தகம், ஊறி, உப்பி.
எத்தனை மடிப்பு என்று கேட்டேன்.
என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு
மூன்று என்றார்.

அப்படியென்றால் பையை மூடியது அவளல்ல.

இரசாயனக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
பெயர்கள் எழுதினேன், வெட்டினேன்.
கயிற்றுப் படகுக்காரனிடம் போனேன்.
அந்தப் படகுக்கு இயந்திரமில்லை,
கரையில் பேசுவது அவனுக்குக் கேட்கும்.
"ஒரு பெடியன் அவளோடு கத்திக்கொண்டு நின்றான்.
முகம் தெரியவில்லை. பேச்சு இந்த ஊர்ப் பேச்சு."
ரேமோவை வெட்டாமல் விட்டேன், மார்ட்டினை வெட்டாமல் விட்டேன்.
இந்த ஊர்ப் பேச்சுப் பேசும் இன்னொருவன்
அடுத்த அறையில் தலைமயிர் காயவைத்துக்கொண்டிருந்தான்.

நேற்றுக் காலை குசினியில்
அண்ணா பாண் பையை மூடினான்.
மடித்தான். மடித்தான். மடித்தான்.
கிளிப் போட்டான்.
பாண் காயுது எண்டு அம்மா ஏசுவது
எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.
என் தேத்தண்ணி ஆடை கட்டும்வரை
நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

மூன்று மடிப்பு ஒரு சாட்சியா?
பாதி நகரம் மூன்றுதான் மடிக்கும்.
அப்படிச் சொல்லித் தப்பப் பார்த்தபோதுதான்
அந்த வசனம் ஞாபகம் வந்தது.

ஏகெர்ட்டர் என்ற பொலிஸ்காரி வீட்டுக்கு வந்த நாள்.
மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல்.
மகன் அன்று மாலை எங்கே என்று கேட்டார்.
அம்மா சொன்னது:
"அவன்ரை அறைக் கதவு சாத்திக் கிடந்தது."
நான் ஜெர்மனில் சொன்னது:
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை.
ஒன்பது வயதிலிருந்து
வைத்தியர், வரி, வாடகை
எல்லாவற்றுக்கும் அம்மாவின் வாய் நான்.
நீளமானதைச் சுருக்குவேன். வெட்கமானதை விழுங்குவேன்.
அன்று மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு கட்டிலைப் போட்டு
அண்ணாவை நானே படுக்கவைத்துப் போர்த்தியும் விட்டேன்.

"தட்டிப் பாத்தனீங்களோ அம்மா?"
அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.
"அதை ஆர் கேட்டவை?" என்றாள்.

ஏன் என்பது இன்னும் தெரியாது.
நோயெமியின் கடைசிச் செய்தி என்னிடம் இருக்கிறது:
உனக்கு ஒன்று சொல்லவேண்டும், உங்கள் வீட்டில் வைத்து அல்ல.
நூறு தடவை வாசித்தேன்.
'வீட்டில்' என்ற சொல்லை மட்டும்
நூறு தடவையும் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆறாம் இலக்க ட்ராமில் இருக்கும்போது
அண்ணாவிடமிருந்து செய்தி:
பாண் முடிஞ்சுது, வரேக்கை வாங்கிக்கொண்டு வா.
சரி என்று பதில் போட்டேன். பழக்கம்.

பொலிஸ் நிலைய வரவேற்பில் இருப்பவர்
என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு
மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைத்துக் கேட்கிறார்,
மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று.

ஓம் என்று சொன்னால்
அவர் வரும்வரைக்கும் நேரம் கிடைக்கும்.