அறுபத்தைந்து

தராசுகளைச் சந்தேகிப்பது என் உத்தியோகம்.
தண்டர் பே துறைமுகத்தில்
கான்கிரீட் குதிர்களின் அடிவயிற்றில் நுழைந்து
கோதுமை நிறுக்கும் இயந்திரங்களுக்கு
முத்திரை வைப்பேன், அல்லது
சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிடுவேன்.
மேலாளர்கள் என்னைக் கண்டதும்
காப்பி நீட்டுவார்கள்.
குடிப்பதில்லை.

சனிக்கிழமைகளில்
கார் கொட்டகையில் பீர் காய்ச்சுவேன்.
ஓட்ஸ் சேர்த்த கறுப்பு.

மென்பொருளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும்.
மால்ட் ஐந்தேகால் கிலோ என்று தட்டினால்
திரையோரத்தில் ஒரு சின்னச் சதுரம்
தேன் நிறத்திலிருந்து மெல்ல இருளும்.
கசப்பு முப்பத்து நான்கு.
போதை ஐந்து புள்ளி ஆறு.
அடுப்பு இன்னும் பற்றவே இல்லை.

ஊறல் சூடு என்ற கட்டத்தில்
அறுபத்தைந்து என்று நிரப்பினேன்.
வெப்பமானி அப்படித்தான் சொன்னது.
அதை ஒருநாளும் சோதித்ததில்லை.
வீட்டுச் சாமான்தானே.

மூன்று குளிர்காலம் ஒரே பதம்.
வாயில் விழுந்ததும்
கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் பீர்.
ஏரி உறைந்த ஓர் இரவில்
செய்முறையைப் பகிர்ந்துவிட்டுத் தூங்கப் போனேன்.

இருநூற்றுப் பதினான்கு பேர் நகலெடுத்தார்கள்.
ஒருவர் பத்து லிட்டருக்குக் குறுக்கினார்.
தங்கை கல்யாணத்துக்கென்று
ஒருத்தி நூற்றைம்பதாகப் பெருக்கினாள்,
ஹாப்ஸ், ஈஸ்ட், எல்லாம்
தாமாகவே பெருகிக்கொண்டன.
டாஸ்மேனியாவில் ஒரு பல் மருத்துவர்
என் பீருக்குப் பரிசே வாங்கினார்.
நடுவர் குறிப்பு: மெலிந்தது, சுத்தமானது.
மெலிந்ததா?
வேறு யாருடையதையோ குடித்துவிட்டு எழுதியிருப்பார் என்று
சிரித்துக்கொண்டேன்.

நவம்பரில் வெப்பமானி கை தவறியது.
சிமெண்ட் தரை. தூள்.
புதியது வாங்கி, அதே அறுபத்தைந்தில் ஊறவைத்து,
ஐந்து வாரம் காத்திருந்து, முதல் பாட்டிலைத் திறந்தால்
நாக்கைத் தொட்டுவிட்டு
விலாசம் சொல்லாமல் போய்விட்டது.

ஈஸ்டைத் திட்டினேன்.
தண்ணீரைத் திட்டினேன்.
மால்ட் மூட்டையின் தேதியைப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டு எய்னோ
முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு
‘உடம்புக்கு நல்லது’ என்றான்.
அதற்குமேல் ஒரு பீரை
யாரும் அவமதிக்க முடியாது.

அன்றிரவு, தூக்கம் வராமல்,
நகல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
அறுபத்தைந்து. அறுபத்தைந்து. அறுபத்தைந்து.
நூற்றுத்தொண்ணூறு தாண்டி
ஒன்றில் மட்டும் அறுபத்தெட்டு.
குனார்ஸ் வீதோல்ஸ், லியெபாயா.

யாரென்று நினைவுக்கு வர நேரமானது.
தானியக் கப்பலின் மூன்றாம் இஞ்சினியர்.
தராசு சரியில்லை என்று
அவன் கப்பலை நான்கு நாள் நிறுத்திவைத்திருந்தேன்.
கிளம்பும்போது, என்னவோ தோன்றி,
இரண்டு பாட்டில் கொடுத்தேன்.

ஒன்றைக் கடலில் குடித்திருக்கிறான்.
மற்றதை வைத்துக்கொண்டு
காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்திருக்கிறான்.
குறிப்பில் ஒரே வரி:
‘பாட்டிலில் இருந்தது இதுதான்.’

இருநூற்றுப் பதினாலு பேரில்
என் எழுத்தை நம்பாமல்
என் பீரை நம்பியவன்.

அறுபத்தெட்டில் காய்ச்சினேன்.
கம்பளி திரும்பி வந்தது.

இனித் திருத்த வேண்டும்.
எதை?
என் கோப்பில் எண்ணை மாற்றலாம்,
மற்றவர்களுடையதில் கை வைக்க முடியாது.
நான் ஒருநாளும் காய்ச்சாத பீர் ஒன்று
என் பெயரோடு
கல்யாணத்தில் பரிமாறப்பட்டுவிட்டது,
பரிசும் வாங்கிவிட்டது.
யாரும் குறை சொல்லவில்லை.

கொட்டகையைப் பெருக்கும்போது
வெப்பமானியின் பித்தளை முனை அகப்பட்டது.
பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டை எடுத்து
நூலில் கட்டி ஆணியில் மாட்டினேன்.
பிழை: மூன்று டிகிரி.
கண்டுபிடித்தவர்: கு. வீதோல்ஸ்.
ஆய்வாளர் கையொப்பம்: ரைலி கந்தோலா.
நடவடிக்கை என்ற இடத்தில்
பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்.

மறுநாள் எய்னோ வந்தான்.
இரண்டு பாட்டிலையும் திறந்து
முன்னால் வைத்தேன், எது எதுவென்று சொல்லாமல்.