ஓனியில் கதவுகள்

இருபத்திரண்டு வருடம்
திபிலிசியின் மண்ணுக்கடியில் ரயில் ஓட்டினேன்.
சாம்கோரி, இசானி, அவ்லாபாரி.
நிலையத்துக்கு இருபது நொடி.
கதவு மூடும் முன் ஒரு மூச்சு,
மூடிய பின் ஒரு மூச்சு.
அதற்கு மேல் மூச்சுவிட்டால்
விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

செப்டம்பரில் ஓனிக்கு வந்தேன்.
கடைவாசலில் நின்று
கதவு தானாகத் திறக்குமென்று
இன்னும் சில நாள் காத்திருக்கிறேன்.
உள்ளேயிருந்து த்சியாலா கத்துவாள்:
"தள்ளு லாமாரா, தள்ளு!"

ராச்சாக்காரர்களின் வேகத்தைப் பற்றி
எங்கள் ஓட்டுநர் அறையில்
ஒரு மூட்டை சிரிப்புக் கதை இருந்தது.
மழை வருகிறது என்று சொல்ல
வாய் திறந்தானாம் ஒருவன்.
சொல்லி முடித்தபோது
பனி பெய்துகொண்டிருந்ததாம்.
பக்கத்து வீட்டு பெசாரியோனிடம் சொன்னேன்.
அவர் ஆற அமர யோசித்தார்.
"பெய்யும்தான்" என்றார்,
"அக்டோபர் கடைசியில் அப்படித்தான்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தால்
"வெற்றி" என்போம், அதுவே வணக்கம்.
பெசாரியோன் தொப்பியைக் கழற்றி,
கைத்தடியை இடக்கைக்கு மாற்றி,
அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள்
எதிரி ஊரைப் பிடித்துவிடுவான்.

என் ஏணியை வாங்கிப் போனார்.
"நாளை தருகிறேன்."
ஒன்பது நாள் பொறுத்துச் சண்டைக்குப் போனேன்.
அவர் அதன் உச்சியில் உட்கார்ந்து
பேரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.
"இப்போதே வேண்டுமா?"
எதற்கு வேண்டுமென்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரவில் உடம்பு இன்னும் ஆடுகிறது.
கண் மூடியதும் வளைவு வருகிறது,
இடக்கை பிரேக்கைத் தேடிப்
போர்வையை இழுக்கிறது.
ரியோனி ஆறு மட்டும்
இருட்டில் தலைதெறிக்க ஓடுகிறது.
இந்த ஊரில் என் ஜாதி
அது ஒன்றுதான்.

பிப்ரவரியில் மலை சரிந்து
சாலையில் படுத்துக்கொண்டது.
அதே இரவில்
பெசாரியோனின் மருமகள் ஸலோமேக்கு வலி.
அம்ப்ரோலாவுரியிலிருந்து ஆம்புலன்ஸ்
புறப்பட்டுவிட்டது என்றார்கள்.
ஒரு மணி நேரம் கழித்தும்
புறப்பட்டுவிட்டது என்றார்கள்.
அன்று இந்த ஊரை வெறுத்தேன்,
அதன் பேரிக்காயை, அதன் தொப்பிகளை,
"வரும், வரும்" என்கிற அந்தக் குரலை.

த்சியாலா வந்து என் கதவைத் தள்ளினாள்.
"உனக்கு நொடி எண்ணத் தெரியுமே.
வா."

அடுப்போரம் உட்கார்ந்து எண்ணினேன்.
வலிக்கும் வலிக்கும் நடுவே
முந்நூறு.
இருநூற்று நாற்பது.
சுவர்க்கடிகாரம் எப்போதோ நின்றுபோயிருந்தது,
யாரும் சாவி கொடுக்கவில்லை.
தொண்ணூறு.
ஸலோமே என் மணிக்கட்டைப் பிடித்த இடம்
மூன்று நாள் நீலமாயிருந்தது.
அறுபது.
பிறகு எண்ணுவதற்கு இடமே இல்லாமல்
இருபது,
எனக்கு நன்றாகத் தெரிந்த இருபது.
"கவனம், கதவுகள்…" என்று
வாய்விட்டே சொல்லிவிட்டேன், பழக்கதோஷம்.
அந்த வலியிலும் அவள் சிரித்தாள்.
சிரிப்பின் பாதியில்
பெண் குழந்தை.

டாக்டர் வந்தபோது விடிந்திருந்தது.
முழங்கால்வரை சேறு.
முதலில் அவருக்கு ஒயின் ஊற்றினார்கள்,
பீன்ஸ் சூடாக்கினார்கள்,
அதன் பிறகுதான்
குழந்தையைக் காட்டினார்கள்.
எனக்குக் கோபம் வரவில்லை.
ஏன் வரவில்லையென்று
இன்னும் யோசிக்கிறேன்,
மெதுவாக.

இன்று காலை பனி
என் கதவின் மேல் சாய்ந்து நிற்கிறது.
தள்ளினேன்.
ஒரு சாண் திறந்தது.
அந்த இடுக்கில்
பெசாரியோனின் பேரிமரம்,
அதில் சாய்ந்தபடி என் ஏணி,
ஒவ்வொரு படியிலும்
அதனதன் பனி.